அக்காவின் அறைக்கு ஒரு கேஸ் ஹீட்டர்

அக்கா குன்னூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு நவம்பர் மாதம். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு வாரம் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்று, அதே ஊரில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மழை ஈரத்தில் வாசல்படியில் வழுக்கி விழுந்த அந்த நாள் வரை யாரிடமும் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டவள் இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவள் சம்பளம்தான்.

எங்கள் வீடு பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. என் மாமனார் வாங்கிய பழைய கன்டோன்மென்ட் காலத்துக் கட்டடம். கீழ்த்தளத்தில் நானும் கணவரும். மேலே இருக்கும் மாடி பிற்பாடு என் கொழுந்தனார் கட்டியது. அவர் ஹைதராபாத்துக்கு மாறிப் போனபின், ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பதி அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள்.

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் ஒரு சுற்று வந்தாள். நான் அவளுக்காக வெயில் படும் பின்னறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். அவள் முன்னறை வாசலில் நின்றுவிட்டாள். அந்த அறையில் சுவரோடு கட்டிய ஒரு கணப்பு உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் விறகு எரித்துக் குளிர் காய்ந்த மாடம். எங்களுக்கு அது பழைய செய்தித்தாள் அடுக்கும் இடம்.

"இந்த ரூம் எனக்கு" என்றாள்.

அது வடக்குப் பார்த்த அறை, வெயிலே வராது, தரை கல் என்றெல்லாம் சொன்னேன். குன்னூரில் அவள் இருந்த குவார்ட்டர்ஸிலும் அதே மாதிரி ஒரு கணப்பு இருந்ததாம். மாலை நாலு மணிக்கு விறகை வைத்தால் இரவு படுக்கிறவரை அதன் எதிரில்தான் பேப்பர் திருத்துவாளாம். சாமான்களை முன்னறைக்கு மாற்றினோம்.

பெங்களூர் குளிர் ஒரு குளிரா என்று கேட்பவர்கள், டிசம்பர் மாதத்தில் வடக்குப் பார்த்த கல் அறையில் அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடமாடுகிறவர்களுக்கு ஸ்வெட்டர் போதும். அக்கா நாள் முழுவதும் நாற்காலியில் இருந்தாள். பத்து நாளில் அவள் விரல்கள் விறைக்க ஆரம்பித்தன. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட், தசை இறுகிக்கிடந்தால் கால் மடங்காது, முதலில் அறையைச் சூடாக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் கணப்பையே மூட்டலாம் என்று நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் இரண்டு செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே வைத்துக் கொளுத்தினேன். புகை ஓர் ஆள் உயரம் மேலே போய்விட்டு, யோசித்து, அப்படியே திரும்பி அறைக்குள் வந்தது. அக்கா இருமினாள். கணவர் ஒரு மூங்கில் கழியின் நுனியில் செல்போனைக் கட்டி, வீடியோ எடுத்தபடி உள்ளே நுழைத்தார். கை எட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் மேலே, புகைபோக்கியின் குறுக்கே கான்கிரீட் தளம் தெரிந்தது. கொழுந்தனாரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டால், மாடிக்குத் தளம் போடும்போது மூடிவிட்டோம், இந்தக் காலத்தில் யார் விறகு எரிக்கப்போகிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். இப்போது அந்த இடத்துக்கு நேர் மேலே மாடிக்காரர்களின் வாஷிங் மெஷின் நிற்கிறது. புகைபோக்கிக் கதை அத்துடன் முடிந்தது.

அடுத்து கரண்ட் ஹீட்டர் வாங்கினோம். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் மாதிரியான ஒன்று. அதைப் போட்டுவிட்டு யாராவது குளியலறை கெய்சரையும் போட்டால், மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். எங்களுக்கு மட்டும் இல்லை, மாடிக்கும் சேர்த்து. மூன்றாம் முறை விழுந்தபோது மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்து, ஆபீஸ் மீட்டிங் நடுவில் எல்லாம் போய்விட்டது என்று தன்மையாகச் சொன்னாள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். லைன் பழசு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து போர்டை மாற்றி, மின்சார ஆபீஸில் கூடுதல் லோடுக்கு மனுப் போட வேண்டும் என்றார். மனுப் போட்டோம். அது வரும்போது வரும். குளிர் காத்திருக்காது.

அன்று மாலை அக்கா சொன்னாள். "ஒரு இரும்புச் சட்டில கொஞ்சம் கரி போட்டு வை. அது போதும் எனக்கு."

"முடியாது" என்றேன்.

நான் ஆஸ்பத்திரியில் அனஸ்தீசியா டெக்னீஷியன். இருபத்துநாலு வருடமாக, மயக்கத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு காற்று உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆபரேஷன் தியேட்டரில் புதிதாக வருகிறவர்களிடம் பேசும் அதே குரலில்தான் அக்காவிடமும் அந்த 'முடியாது'வைச் சொன்னேன். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அந்தக் குரலுக்கு ஒரு காரணம் இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் தொம்மலூரில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். பால் காய்ச்சிக் குடியேறிய வாரத்தில் அக்கா ஒரு பரிசு அனுப்பினாள். கேஸ் கெய்சர். அப்போது அது புதுச் சாமான். திருகினால் அடுத்த நிமிடம் சுடுதண்ணீர். குளியலறையிலேயே மாட்டினோம். அங்கே இருந்த ஒரே ஜன்னலைக் குளிருக்காக அட்டை வைத்து அடைத்திருந்தேன். ஒரு ஜனவரி காலை, தலைக்குக் குளிக்கப் போனவள், கால் தொய்வது மாதிரி இருக்கிறதே என்று நினைத்தது வரைதான் ஞாபகம். வாளி உருளும் சத்தம் கேட்டுக் கணவர் கதவை உடைத்திருக்கிறார். கண் விழித்தபோது நான் வராந்தாவில் கிடந்தேன். மேலே ஒரு போர்வை. என் முகத்துக்கு நேரே அவர் முகம், சுண்ணாம்பு மாதிரி வெளுத்து. இன்னும் ஐந்து நிமிடம் கழித்துத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பகலெல்லாம் மற்றவர்களின் மூச்சைக் கவனிக்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். என் மூச்சை நான் கவனிக்கவில்லை. சரியாக எரியாத கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நாம் மயங்குகிறோம் என்பதையே அது நமக்குத் தெரியவிடாது.

அக்காவிடம் ரத்த அழுத்தம் குறைந்து மயங்கிவிட்டேன் என்று சொன்னோம். அவள் ஆசையாக வாங்கிக் கொடுத்த சாமான். தன்னால்தான் என்று ஆயுசுக்கும் நொந்துகொள்வாள். சொல்லாமல் விடுவதுதான் அன்பு என்று எனக்கு அன்று நிச்சயமாகத் தெரிந்தது.

ஆக, கேஸ் ஹீட்டர் என்ற பேச்சை முதலில் எடுத்தது நானே என்பது கணவருக்கே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை. நெருப்புக்கு நான் பயந்தவள் அல்ல. அது எந்தக் காற்றை எடுக்கிறது, எங்கே விடுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் போதும்.

சிவாஜிநகரில் அடுப்பு, கெய்சர், ஓட்டல் பர்னர் எல்லாம் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபது வயதுக்காரர். உருதுவும் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் மனிதர். சக்கரம் வைத்த ஒரு பெட்டியை உருட்டி வந்து காட்டினார். பின்பக்கம் சிலிண்டரை வைத்துவிடலாம், முன்பக்கம் மூன்று பலகைகள் செக்கச்செவேலென்று எரியும்.

"புகையே கெடையாது மேடம், வாசனையே கெடையாது. கதவ மூடிட்டு பத்து நிமிஷம் வெச்சீங்கன்னா ரூம் ஜம்முனு ஆயிடும்."

"எரியறதுக்குக் காத்து எங்கேருந்து எடுக்கும்?" என்று கேட்டேன்.

"ரூம்லருந்துதான்."

"எரிஞ்சது எங்க போகும்?"

அவர் சிரித்தார். "எங்க போகும், ரூம்லயேதான். ஆனா அதுல ஒண்ணும் இல்ல மேடம். ஆக்சிஜன் கொறஞ்சா தானா ஆஃப் ஆயிடும். சென்சார் இருக்கு, பாருங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த சென்சார் நல்ல சாதனம். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் உள்ளே எப்போதும் எரியும் ஒரு சின்னச் சுடர் விலகி, கேஸ் அடைபட்டுவிடும். பெரிய கூடம், திறந்த ஜன்னல், ஒரு மணி நேர உபயோகம் என்றால் நானே அதை வாங்கியிருப்பேன். அக்கா இருப்பது பன்னிரண்டுக்குப் பதினாலு அடி அறை. நாள் முழுவதும் எரிய வேண்டும். அவள் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்துகிறவள். தியேட்டரில் என்னைச் சுற்றி எப்போதும் பத்து அலாரம் இருக்கும். அலாரத்தை நம்பி வேலை செய்கிற டெக்னீஷியனை நான் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

வெளிக்காற்றை எடுத்து, புகையையும் வெளியே விடும் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். சுவரில் ஒரே ஓட்டை. அதற்குள் குழாய்க்குள் குழாய். ஒன்றில் காற்று உள்ளே வரும், மற்றதில் புகை வெளியே போகும். நெருப்பு கண்ணாடிக்குப் பின்னால் மூடிய பெட்டிக்குள் எரியும். அறைக் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. புகைபோக்கி இல்லாத அறைக்கு ஏற்றது அதுதான் என்று படித்து வைத்திருந்தேன். கடைக்காரர் தாடியைத் தடவினார். மடிகேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கேட்டதற்காக வரவழைத்து, அவர்கள் வேண்டாம் என்றதில் ஒன்று குடோனில் கிடக்கலாம், தேடிப் பார்க்க வேண்டும் என்றார். என் நம்பரை எழுதிக்கொண்டு தன் கார்டைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

நான்கு நாள் கழித்து, காலை ஷிஃப்ட் முடிந்து ஐந்து மணிவாக்கில் வீட்டுக்கு வந்தேன். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. கீழ் இடுக்கில் ஒரு துண்டு. திறந்ததும் வெதுவெதுவென்று ஈரக்காற்று முகத்தில் அடித்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து வழிந்தது. அறை நடுவில் அந்தச் சக்கரப் பெட்டி, எரியாமல் நின்றது. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

இரண்டு எட்டில் போய் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தேன். அவள் கன்னத்தைத் தட்டினேன். கண் திறந்து, "எதுக்கு இப்படி அடிக்கற" என்றாள். தலை லேசாக வலிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன் என்றாள். நாற்காலியோடு வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, நாடி பார்த்து, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய் ரத்தமும் பரிசோதித்தேன். எதுவும் தவறாக இல்லை. அந்த சென்சார் தன் வேலையைச் செய்திருந்தது.

விஷயம் இதுதான். மேஜையில் இருந்த கார்டைப் பார்த்து அக்காவே கடைக்குப் போன் செய்திருக்கிறாள். சோதித்துப் பார்த்துப் பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்று சிலிண்டரோடு வண்டியில் அனுப்பி வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்த ஆளையே ஸ்டூலில் ஏற்றி, அறைச் சுவரில் மேலே இருந்த இரண்டு காற்றுத் துவாரங்களையும் செய்தித்தாளால் அடைக்கச் சொல்லியிருக்கிறாள். ஹீட்டர் மூன்று முறை தானாக அணைந்ததாம். மூன்று முறையும் அவளே மறுபடி மூட்டியிருக்கிறாள். நாலாவது தடவை அணைந்ததும், உதவாத சாமான் என்று விட்டுவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் நான் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்தால் பிள்ளைகள் எப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் வந்து ஒரு மாசம் ஆகுது. என் ரூமுக்கு என்ன வேணும்னு நீ பாக்கற, நீ கேக்கற, நீ முடிவு பண்ற. எனக்கு ஒடைஞ்சது இடுப்பு. மூளை இல்ல. ஏன் வேணாங்கறேன்னு ஒரு வார்த்தை எனக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. அது உண்மை. நான் அவள் எதிரில் உட்கார்ந்து, தொம்மலூர்க் குளியலறையில் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அட்டை வைத்த ஜன்னல், வாளி, உடைந்த கதவு.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் அந்த வருஷம் ஈஸ்டருக்கு வந்தேன். கெய்சர் வெளிய, துணி தொவைக்கற எடத்துல மாட்டியிருந்துச்சு. ஏன்னு கேட்டேன். பாத்ரூம் சின்னது, தலைல இடிக்குதுன்னு சொன்ன."

"ஆமா."

"நீ சொல்லியிருக்கணும்." அவள் குரல் இறங்கியது. "உனக்கு வாங்கினப்ப நல்லா இருக்குன்னு சொன்னியேன்னு, ஸ்கூல்ல ரெண்டு டீச்சருக்கு அதையே வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்கள வெச்சிருந்தவங்க."

இருபது வருடங்களுக்கு மேல், அவள் மனம் நோகக்கூடாது என்று நான் காப்பாற்றி வைத்த ரகசியம் அது. அதன் மறுபக்கத்தில் இன்னும் இரண்டு குளியலறைகள் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. என் தொழிலில் இப்படிச் செய்த யாரையும் நான் மன்னித்திருக்க மாட்டேன். ஒரு மிஷின் தவறு செய்தால் உடனே எழுதி வை, அடுத்த ஷிஃப்டுக்குச் சொல் என்பதுதான் நான் மற்றவர்களுக்குச் சொல்லும் முதல் விஷயம்.

"மன்னிச்சுக்கோ அக்கா" என்றேன். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. அவள் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, காபி போடச் சொன்னாள்.

மறுநாள் காலை அந்த இரண்டு பேருக்கும் போன் செய்தாள். ஒருவர் கெய்சரை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டு மின்சாரத்துக்கு மாறியிருந்தார். மற்றவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தார். அங்கேயும் குளியலறைக்குள்ளேயே கேஸ் கெய்சர்தான். அக்கா மகனைப் போனில் வரச் சொல்லி, அதை வெளியே மாற்றி மாட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பு என்றாள். அவன் இரண்டாம் வகுப்பில் அவளிடம் படித்தவனாம். நாலு நாளில் படம் வந்தது.

அந்தச் சக்கரப் பெட்டியை நாங்கள் இருவருமாகத்தான் திருப்பிக் கொடுக்கப் போனோம். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அக்கா வெளியே கிளம்பியது அதுதான் முதல் முறை. ஆட்டோவில் ஏறுவதற்கே கால் மணி நேரம் ஆனது. கடைக்காரர் அவசரமாக நாற்காலி போட்டார். குடோனில் இருந்த பெட்டி கிடைத்திருந்தது. தூசி தட்டி மேஜை மேல் வைத்திருந்தார்.

அக்கா விளக்கப் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். இது சிலிண்டர் கேஸுக்கா, குழாயில் வரும் கேஸுக்கா என்று கேட்டாள். சிலிண்டருக்கு, குழாய் கேஸ் என்றால் உள்ளே கேஸ் பீச்சும் ஜெட்டை மாற்ற வேண்டும் என்றார். அணைந்தால் யார் வந்து பார்ப்பார்கள், வருடத்துக்கு எத்தனை முறை சுத்தம் செய்ய வேண்டும், நெருப்பு கண்ணுக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்டாள். கடைசிக் கேள்வி என் பட்டியலில் இல்லாதது. கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது, இரண்டு கை அகலம். "தெரியும்மா, நல்லாவே தெரியும்" என்றார் கடைக்காரர். நான் கேள்வி கேட்டபோது 'மேடம்' என்றவர், அவளை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

கிளம்பும்போது அக்கா அவரிடம், கதவை மூடிக்கொள்ளுங்கள் என்று இனிமேல் யாருக்கும் சொல்லாதீர்கள் என்றாள். நடந்ததையும் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது. தன் ஆளே துவாரத்தை அடைத்திருக்கிறான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

ஹீட்டர் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சிக்கல். அதோடு வந்த குழாயை நீட்டினால் அதிகபட்சம் ஒன்றேகால் அடி. எங்கள் முன்னறையின் வெளிச்சுவர் ஒன்றே முக்கால் அடிக் கல். மாட்ட வந்த ஃபிட்டர், வேறு குழாயை ஒட்டி நீளமாக்கிவிடலாம் என்றார். புத்தகத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று தெளிவாக இருந்தது. நான் அவரை நிறுத்தினேன். ஜன்னலுக்குக் கீழே சுவர் மெல்லியது, அங்கே வைக்கலாமா என்று பார்த்தோம். புகை வெளியே போய், திறந்த ஜன்னல் வழியாக மறுபடி உள்ளே வரும். அதுவும் ஆகாது.

அப்போது என் கணவர், எப்போதும் கடைசியில் பேசுகிறவர், புத்தக அலமாரியைக் காட்டினார். அது முன்னறையின் பக்கச் சுவரில் ஒரு குழிவுக்குள் கச்சிதமாகப் பொருந்தி நிற்கும். சின்ன வயதில் அங்கே ஒரு கதவு இருந்ததாம், அது வழியாகத்தான் பக்கவாட்டுச் சந்துக்கு ஓடி கிரிக்கெட் விளையாடுவார்களாம். மாடி கட்டியபோது தம்பி அதையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அலமாரியை நகர்த்தித் தட்டிப் பார்த்தோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான். வெளிப்பக்கம் திறந்த சந்து, பக்கத்தில் ஜன்னல் எதுவும் இல்லை. அக்கா வாக்கரோடு சந்துக்கு வந்து, டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மாடிக்காரர்கள் ஜன்னல் வரைக்கும் அளக்கச் சொன்னாள். புத்தகத்தில் கேட்ட இடைவெளியைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

சுவரில் வட்டமாகத் துளைக்கும் மெஷினோடு ஒருவர் வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "கல்லுன்னு சொல்லி பயம் காட்டினாங்க. செங்கல்தானே, ஸ்வல்ப டைம்ல ஆயிடும்" என்றார். அரை மணியில் முடிந்தது. துளையிட்ட உருளையை இழுத்து எடுத்ததும் அறைக்குள் ஒரு தட்டு அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. ஃபிட்டர் குழாயைப் பொருத்தினார். சிலிண்டரை உள்ளே வைக்கவில்லை. வெளியே சந்தில், மூச்சு விடுகிற கம்பிக் கூண்டுக்குள் வைத்து, செம்புக் குழாயில் கேஸைக் கொண்டுவந்தோம். இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்தும் ஒரு சின்ன அலாரத்தையும் அக்காவின் கட்டிலுக்குப் பக்கச் சுவரில், அவள் தலை உயரத்தில் மாட்டினேன். கடைசிக் காவலாக அதுவும் இருக்கட்டும்.

மூட்டும் பொத்தானை அக்காதான் அழுத்தினாள். டிக் டிக் என்று இரண்டு முறை, பிறகு மெல்லிய ஒரு மூச்சுச் சத்தம், கண்ணாடிக்குப் பின்னால் நீலமும் மஞ்சளுமாக நெருப்பு வரிசை. நான் வெளியே சந்துக்குப் போய் குழாய் வாய்க்கு எதிரே கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டினேன். சூடான ஈரக்காற்று வந்தது. உள்ளே திரும்பி வந்து ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அக்கா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டு, "குன்னூர் மாதிரி இல்ல, ஆனா பரவால்ல" என்றாள். விறகு வாசனை இல்லையே என்பது அவளுக்குக் குறை. அந்தக் குறை இன்றுவரை உண்டு.

ஜனவரி முடிவதற்குள் கால் வலியில்லாமல் மடங்க ஆரம்பித்தது. பிப்ரவரியில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தாள். பிறகு வெயில் ஏறியதும் ஹீட்டரை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடினோம். ஊருக்குத் திரும்பிப் போவதைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தது. அக்காவே யோசித்து, இங்கே இருப்பதாகச் சொன்னாள். முடிவு அவளுடையது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன டிசம்பரில் எங்கள் சர்ச்சின் தமிழ்ப் பாடகர் குழுவுக்கு ஒத்திகை பார்க்க இடம் இல்லாமல் போனது. ஹாலில் பெயின்ட் வேலை. அக்கா பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுவாள், குழுவில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. முன்னறைக்கு வாருங்கள் என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மாலை பதினான்கு பேர் வந்தார்கள். கட்டிலிலும் தரையிலும் உட்கார்ந்து, கீபோர்டை இஸ்திரி மேஜை மேல் வைத்துப் பாடினார்கள். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது பாட்டில் ஆண்களின் மேல்குரலான டெனர் பாடும் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்.

"ஸ்வெட்டரக் கழட்டு" என்றாள் அக்கா, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கழற்றினார். நான் எல்லோருக்கும் டீ போட உள்ளே போனேன். பால் பொங்கும்வரை சமையலறையில் நின்று கேட்டேன். ஆல்டோ வரிசையில் அவள் குரல் தனியாகத் தெரிந்தது. அரை மாத்திரை முந்திக்கொண்டு போனாள். குழுவை நடத்துகிறவர் இரண்டு முறை நிறுத்தித் திருத்தினார். மூன்றாம் முறை எல்லோரும் அவள் வேகத்துக்கு வந்துவிட்டார்கள்.